குறுக்கே போனவன்

டெல்ஃபிமுக்கு இப்போது எண்பத்து மூன்று.
படத்துக்கு நாற்பத்தொன்பது.
எனக்கு மணிக்கு நாற்பது யூரோ.

போர்த்தோவில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு மேலே,
ஜன்னலில்லாத இந்த அறைக்கு
தினமும் டாக்ஸியில் வந்து இறங்குகிறார்.
கோட்டுப் பையில் ஒரு நோட்டு:
படம் வெளியான இரவிலிருந்து
தூக்கம் வராதபோதெல்லாம் எழுதி வைத்த குறைகள்.

மழை போதவில்லை. சேர்த்தேன்.
வானம் வெளிறிக் கிடந்தது. கொஞ்சம் ஈயம் பூசினேன்.
கடன் வாங்கிய கோட்டு
நாயகன் தோளில் தொளதொளத்தது,
தையல்காரி மாதிரி பிடித்துக் கொடுத்தேன்.
மைக்கின் நிழல், டிராமின் மணி,
ஒரே முத்தத்துக்குள் தேவாலயக் கடிகாரம்
நாலேகாலும் ஐந்தும் காட்டிய பொய்.
எல்லாம் சரி.
ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு.

கடைசிப் பக்கத்தில் ஒரே சொல்.
அடிக்கோடு மூன்று முறை இழுத்து, தாள் கிழிந்திருந்தது.
"மீன்காரன்."

நீங்கள் பார்த்திருப்பீர்கள்:
எர்மெலிண்டா படித்துறையில் பக்கவாட்டில் உட்கார்ந்து
கடிதத்தைக் கிழிக்கப் போனவள்
கிழிக்காமல் மடித்து,
நிமிர்ந்து,
சிரிக்கிறாள்.
அந்தச் சிரிப்பைப் பற்றி
பாரிஸில் ஒருவர் புத்தகமே போட்டார்.
சிரிப்புக்குச் சற்று முன்
தலையில் கூடையோடு ஒருவன்
இடப்பக்கம் நுழைந்து, சுவரோரம் நடந்து,
கேமராவை நேருக்கு நேர் பார்த்து,
ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று உறைத்து
வேகவேகமாக வலப்பக்கம் வெளியேறுகிறான்.
நான்கு விநாடி.
தொண்ணூற்றாறு சட்டகம்.

"ஃபிலிம் தீர்ந்துவிட்டது அன்றைக்கு," என்றார்.
"வேறு டேக் கிடையாது.
தொண்டையில் முள் மாதிரி
நாற்பத்தொன்பது வருஷம் அந்த ஆள்."

எடுத்தேன். மூன்று நாள் வேலை.
அவன் மறைத்த சுவரை
அவன் வருவதற்கு முந்தைய சுவரிடம்
கல் கல்லாகக் கடன் வாங்கிக் கட்டினேன்.
கூடை போனது. வெறுங்கால் போனது.
அந்த முழியை மட்டும்
ஏனோ கடைசிக்கு வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டினேன்.
எர்மெலிண்டா கடிதத்தை மடித்தாள்.
நிமிர்ந்தாள்.
அவள் கண்கள் இடமிருந்து வலமாக
காலிச் சுவர் நெடுக
எதையோ பின்தொடர்ந்து போயின.
பிறகு சிரித்தாள்.

மறுபடி போடச் சொன்னார்.
மறுபடி.
ஏழாவது முறை முடிந்ததும், யாரும் கேட்காமலே,
"நான்தான் சிரிக்கச் சொன்னேன்," என்றார்.
"முதல் சம்பளத்தை நினைத்துக்கொள் என்று.
எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறேன்."

எர்மெலிண்டா கொயிம்ப்ராவில் இருக்கிறாள், மகனோடு.
ஸ்பீக்கரில் போட்டார். நானும் கேட்டேன்.
"கூடையிலிருந்து ஒரு மத்தி நழுவி
திறந்து கிடந்த உன் தோல்பைக்குள் விழுந்தது, டெல்ஃபிம்.
நீ பார்க்கவில்லை.
வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாய்."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை அவர்.
அப்புறம்,
"அந்தப் பையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.
வாடகைக்கு இருந்த அறையில்தான் நாற்றமென்று நினைத்தேன்.
அறையைக்கூட மாற்றினேன்."

திங்கட்கிழமை வந்தார்.
"வை அவனை," என்றார். "இருந்த இடத்திலேயே."
பத்து நிமிஷ வேலை.
கூடை வந்தது, கால் வந்தது, அவசரம் வந்தது.
எர்மெலிண்டாவின் கண்களுக்கு மறுபடி
பார்க்க ஓர் ஆள்.

டெல்ஃபிம் திரையருகே குனிந்தார். மூக்குக் கண்ணாடி படுமளவுக்கு.
"இருக்கட்டும். ஆனால் பெண்ணே,
கேமராவைப் பார்க்க வேண்டாம் அவன்.
அதை மட்டும் திருப்பிவிடு."

சரி என்றேன்.
பொத்தான்கள் சிலவற்றைத் தட்டினேன்,
எதனோடும் இணைப்பில்லாதவை.
மறுபடி ஓட்டினேன்.
மீன்காரன் நடுவழியில் நின்று
எங்கள் இரண்டு பேரையும்
நன்றாகப் பார்த்துவிட்டுப் போனான்.

டெல்ஃபிம் தலையாட்டினார்.
நோட்டை எடுத்து
ஒரு கோடு.